குதிரையின் குளம்பிலிருந்து பாட்டியின் கணுக்கால் வரை

1873இல் பாரிசில் வெளியான ‘விலங்கு எந்திரம்’ என்ற நூலில் ஒரு படம் இருக்கிறது. ஒருவர் ஓடுகிறார். அவர் காலணியின் அடிப்பாகம் கனத்த ரப்பரால் ஆனது, உள்ளே காலியாக ஓர் அறை. பாதம் தரையில் பதியும்போது அறையிலுள்ள காற்று நசுங்கி, காலை ஒட்டி மேலேறும் ரப்பர் குழாய் வழியாக அவர் கையிலுள்ள சிறு கருவிக்குப் போகிறது. அங்கே ஒரு தோல்சவ்வு உப்ப, அதோடு சேர்ந்த முள் அசைகிறது. கடிகார விசையில் சுழலும் உருளையில் புகைக்கரி படிந்த தாள் சுற்றப்பட்டிருக்கிறது. முள் உரசிய இடத்தில் கரி விலகி வெள்ளைக் கோடு விழுகிறது. மறு கையில் ஒரு ரப்பர் பந்து. அதை அழுத்தினால் பதிவு தொடங்கும்.

தலை உச்சியிலும் ஒரு கருவி. அதில் நெம்புகோல் ஒன்றின் நுனியில் சிறு ஈயத்துண்டு. உடம்பு மேலே எழும்பும்போது ஈயம் சற்றுப் பின்தங்கும், கீழே இறங்கும்போதும் அப்படியே. அந்தப் பின்தங்கல்தான் காற்றழுத்தமாக மாறித் தாளில் கோடாகிறது.

இதைச் செய்தவர் எத்தியன்-ஜூல் மாரே என்ற பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர். நாடித்துடிப்பைக் கோடாக வரையும் கருவியால் முதலில் பெயர் பெற்றவர். உடம்பில் நடப்பதைக் கண்ணால் பார்த்து எழுதுவதை அவர் நம்பவில்லை. உடம்பே தன் அசைவைத் தானே எழுதட்டும் என்பது அவர் கொள்கை. இன்று முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய ஒரு பெரியவரின் தொடையில் பட்டை போட்டுக் கட்டும் சென்சாருக்குள்ளும் நடப்பது இதுதான். அங்கே ஈயத்துண்டு இல்லை, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் துண்டு இருக்கிறது. உடம்பு நகரும்போது அதுவும் பின்தங்குகிறது. அந்தப் பின்தங்கல் மின்குறிப்பாகிறது. அவ்வளவே வேறுபாடு.

ஆனால் மாரேயின் காலணிக்கும் பெரியவரின் தொடைப்பட்டைக்கும் நடுவே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இந்த இடைவெளியில் மனித நடையை அளக்கும் கருவிகள் புதிது புதிதாக வந்துகொண்டேதான் இருந்தன. குதிரைக்காக ஒன்று, போர்வீரருக்காக ஒன்று, காருக்காக ஒன்று, விளையாட்டுக்காக ஒன்று. தள்ளாத வயதில் விழாமல் நடப்பதே பெரும்பாடாக இருப்பவருக்கென்று செய்த கருவி மட்டும் கடைசி வரை வரவில்லை. அவருக்குக் கிடைத்ததெல்லாம் இரவல்.

குதிரையிலிருந்தே தொடங்கலாம். மாரே மனிதருக்குச் செய்ததைக் குதிரைக்கும் செய்தார். நான்கு குளம்புகளிலும் ரப்பர் உருண்டைகளைக் கட்டி, குழாய்களை மேலே கொண்டுபோய், சவாரி செய்பவர் கையிலிருந்த பதிவுக் கருவியில் சேர்த்தார். துள்ளு நடையில் ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தைத் தொடாமல் இருக்கின்றன என்று தாளில் விழுந்த கோடுகள் காட்டின. குதிரைப் பந்தயமும் குதிரைப் படையும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. மாரேயின் முடிவு அமெரிக்காவின் ரயில்வே செல்வந்தர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டை எட்டியது. அவர் அமர்த்திய எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். அந்தப் படங்களைப் பார்த்த மாரேயும் புகைப்படத்துக்குத் தாவினார். கறுப்பு உடையில் வெள்ளைக் கோடுகள் தைத்த மனிதர்களைக் கறுப்புச் சுவரின் முன்னால் நடக்கவிட்டுப் படமெடுத்தார்.

அதோடு உடம்பில் அணியும் கருவி பின்னுக்குப் போனது. கேமராதான் கண் என்றாகிவிட்டது. கேமரா ஓரிடத்தில் நிற்கும், நடப்பவர்தான் அதைத் தேடி வர வேண்டும். அடுத்த நூறாண்டு நடை ஆய்வு இந்தக் கட்டாயத்துக்குள் அடைபட்டுக் கிடந்தது.

அதே பாரிசில், சல்பெத்ரியேர் மருத்துவமனையில், நோயாளிகளின் நடையை அளக்கும் வேலை வேறு வழியில் நடந்தது. ஏழைகளும் முதியவர்களுமான பெண்கள் ஆயிரக்கணக்கில் தங்கியிருந்த பெரிய விடுதி அது. அங்கே பணியாற்றிய ஜில் த லா தூரெத் 1886இல் நடையைப் பற்றித் தன் ஆய்வேட்டை எழுதினார். ஒரு நரம்புக் கோளாறுக்கே அவர் பெயர் உண்டு. அவர் முறை எளிமையானது. நீளமான வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, நோயாளியின் பாதத்தில் துருநிறப் பொடியைப் பூசி, அதன்மேல் நடக்கச் சொன்னார். பார்க்கின்சன் நோயாளியின் குட்டைக் காலடிகளும் பக்கவாதம் வந்தவரின் ஒருக்களித்த காலடிகளும் செந்நிறத்தில் பதிந்தன. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு நடை உண்டு என்பதை நிறுவிய முக்கியமான வேலை அது. அந்தத் தாள்கள் நோயை இனம்காணப் பயன்பட்டன. நடந்தவர் அடுத்த வாரம் நன்றாக நடக்கிறாரா என்று பார்ப்பது அவற்றின் வேலையாக இருக்கவில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் பிரவுனேயும் ஓட்டோ ஃபிஷரும் 1891இல் செய்த சோதனையைப் படித்தால் மூச்சு முட்டும். ஒளிவிடும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களை ஓர் இளைஞரின் கை, கால், உடம்பெங்கும் கட்டினார்கள். மின்சாரம் தாக்காமல் இருக்க ரப்பர் பட்டைகளைச் சுற்றினார்கள். கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆனது. பிறகு இருட்டில் அவரைச் சில அடிகள் நடக்கவிட்டு, பல கோணங்களில் படமெடுத்தார்கள். படம் எடுத்தது சில நிமிடம். அதிலிருந்து ஒவ்வொரு மூட்டின் இருப்பையும் விசையையும் கையால் கணக்கிட்டு வெளியிட ஆண்டுகள் பிடித்தன. முப்பரிமாணத்தில் மனித நடையை அளந்த முதல் பெரும் பணி அதுதான். அவர்கள் அளந்தது சுமையில்லாமல் நடப்பவரையும் சுமையோடு நடப்பவரையும். சுமை என்றால் படைவீரனின் முதுகுப்பையும் துப்பாக்கியும்.

உடற்பயிற்சியாலேயே நோய் தீர்க்கலாம் என்ற எண்ணமும் அந்த நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் வேரூன்றியது. ஸ்வீடன் மருத்துவர் குஸ்தாவ் ஸாண்டர் 1865இல் ஸ்டாக்ஹோமில் நெம்புகோலும் எடையும் நீராவியும் கொண்டு கைகால்களை இயக்கும் பயிற்சிக் கூடத்தைத் திறந்தார். அங்கேயும் மனிதர்தான் எந்திரத்தைத் தேடிப் போனார். போக முடிந்தவர்களுக்கு, கையில் காசும் இருந்தவர்களுக்கு, அது பயன்பட்டது.

அடுத்த பாய்ச்சலுக்கு இரண்டாம் உலகப்போர் காரணமானது. கால் இழந்து திரும்பிய வீரர்களுக்குப் பொருத்திய செயற்கைக் கால்கள் சரியாக வேலை செய்யவில்லை. நல்ல செயற்கைக் கால் செய்ய வேண்டுமானால் நல்ல கால் எப்படி நடக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். 1945இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவர் வெர்ன் இன்மனும் கட்டுமானப் பொறியாளர் ஹோவர்ட் எபர்ஹார்ட்டும் அந்த வேலையில் இறங்கினார்கள். எபர்ஹார்ட்டே ஒரு விபத்தில் காலை இழந்தவர். தோலின் மேல் ஒட்டும் அடையாளம் தோலோடு நகர்ந்துவிடும் என்பதால், தாமாக முன்வந்தவர்களின் எலும்பிலேயே ஊசிகளைச் செருகி அசைவைப் பதிவு செய்தார்கள். இன்று நடைபற்றிப் பாடம் நடத்தும் எந்த இயன்முறை மருத்துவக் கல்லூரியிலும் அந்தக் குழுவின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. பிறகு அதே மாநிலத்தில் ராஞ்சோ லோஸ் அமிகோஸ் மருத்துவமனையில் ஜாக்குலின் பெரி, போலியோ தாக்கியவர்களிடமிருந்து தொடங்கி, ஒரு காலடியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் படிக்கும் முறையைச் செம்மையாக்கினார்.

குதிரை, சிப்பாய், போலியோ தாக்கிய குழந்தை. கிழவர்களும் கிழவிகளும் எங்கே இருந்தார்கள்? படுக்கையில் இருந்தார்கள்.

1935இல் லண்டனுக்கு மேற்கே, வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை தன் பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியையும் அங்கே கிடந்த 714 பேரையும் பொறுப்பேற்றது. அவர்களைப் பார்க்கும் வேலை மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம் வந்தது. பெரும்பாலோர் முதியவர்கள். இவர்களுக்கு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஆண்டுக்கணக்கில் படுக்கையில் விடப்பட்டவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் சோதித்தார். பலரை எழுப்பி உட்கார வைக்கலாம், நிற்க வைக்கலாம், நடக்க வைத்து வீட்டுக்கே அனுப்பலாம் என்று கண்டார். படுக்கையில் கிடப்பதே அவர்களைப் படுக்கையில் கிடத்தியது என்பதை அவர் செய்து காட்டினார். முதியோர் மருத்துவம் என்ற துறை பிரிட்டனில் பிறந்தது இப்படித்தான். இந்த நெடிய வரலாற்றில் ஒரே ஒருவருக்கு மாலை போடச் சொன்னால், இக்கட்டுரை அதை வாரனுக்கே போடும். அவரிடம் சென்சார் எதுவும் இல்லை. முதியவரின் கால் மறுபடி நடக்கும் என்ற எண்ணம் இருந்தது. அது இல்லாமல் எந்தச் சென்சாரும் பயனற்றது.

அவருக்குப் பின் வந்த முதியோர் மருத்துவர்கள் நடையை அளக்க ஆய்வுக்கூடத்தைத் தேடவில்லை. பெர்னார்ட் ஐசக்ஸ் குழுவினர் 1986இல் ஒரு சோதனையைச் சொன்னார்கள்: நாற்காலியிலிருந்து எழுந்து, சில அடி நடந்து, திரும்பி வந்து உட்காருங்கள். மருத்துவர் பார்த்து மதிப்பெண் போடுவார். 1991இல் கனடாவில் டயேன் போட்சியாட்லோவும் சாண்ட்ரா ரிச்சர்ட்சனும் அதில் ஒரு ஸ்டாப்வாட்சைச் சேர்த்தார்கள். 3 மீட்டர் தூரம் போய் வர எத்தனை வினாடி? 10க்குள் முடித்தால் தடையில்லாமல் நடமாடுகிறவர். 30ஐத் தாண்டினால் பிறர் துணை தேவைப்படுகிறவர். ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், தரையில் ஒரு கோடு. இன்றும் நம் ஊர் பிசியோதெரபிஸ்ட் அறையில் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த 3 மீட்டரில் ஒரு பொய் கலந்திருக்கிறது. மருத்துவர் பார்க்கிறார் என்றால் யாரும் நிமிர்ந்துதான் நடப்பார்கள். வெளிச்சமான அறை, வழவழப்பான சமதளம், விழுந்தால் தாங்க ஆள். விடிகாலையில் தூக்கக் கலக்கத்தோடு கழிப்பறைக்குப் போகும் நடை அதுவல்ல. மிதியடி தடுக்கும் இடத்திலும் நிலைப்படியிலும் ஈரத் தரையிலும்தான் மனிதர்கள் விழுகிறார்கள். அங்கே ஸ்டாப்வாட்ச் இருப்பதில்லை.

வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சி என்பதை நம்பும்படி நிறுவிக் காட்டியது நியூசிலாந்து. டனீடின் நகரிலுள்ள ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஜான் கேம்பெல், கிளேர் ராபர்ட்சன் குழுவினர் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வீட்டுக்கு இயன்முறை மருத்துவர் முதல் இரண்டு மாதத்தில் நான்கு முறை போனார். கணுக்காலில் சிறு எடை கட்டிக் காலைத் தூக்குவது, சமநிலைக்கு ஒரு காலை இன்னொரு காலின் நேர் முன்னால் வைத்து நிற்பது, நாற்காலியிலிருந்து எழுவது, பிறகு வெளியே நடப்பது என்று ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி சொல்லிக்கொடுத்தார். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி. மற்ற பாதிப் பேரை யாராவது போய்ப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள். ஓராண்டு முடிவில் பயிற்சி செய்யாத குழுவில் 152 முறை விழுந்திருந்தார்கள், செய்த குழுவில் 88 முறை. 1997இல் முடிவு வெளியான இந்தப் பயிற்சிமுறைதான் இன்று உலகெங்கும் ‘ஒட்டாகோ பயிற்சி’ என்று அறியப்படுகிறது.

80 வயதுக் கிழவியின் கால் தசை, வீட்டு அடுக்களையிலேயே, மேசையைப் பிடித்தபடியே, மறுபடி பலம் பெறும் என்று எண்ணிக்கையில் காட்டியது சாதாரணச் செய்தியல்ல. அதிலும் அளவெடுத்தது தாளும் பேனாவும்தான். இப்படிப்பட்ட வீட்டுப் பயிற்சிகளில் என்றைக்கு எத்தனை முறை செய்தேன் என்று அவரவரே குறித்துவைப்பதுதான் நெடுநாள் வழக்கம். யார் வீட்டிலும் நடப்பது இங்கேயும் நடக்கும். நாலு நாள் குறிக்க மறந்துபோகும். பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு முந்தின இரவு எல்லாக் கட்டத்திலும் ஒரே மையில் டிக் விழும். செய்ததாகச் சொல்வது செய்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும். வேண்டுமென்று சொல்லும் பொய்யில்லை அது. மருத்துவர் மனம் கோணக்கூடாது என்ற நல்லெண்ணம்.

எனவே 1990களில் ஒரு புறம் வீட்டுப் பயிற்சி பலன் தரும் என்ற சான்று இருந்தது. மறுபுறம், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லாமல் இருந்தது. அந்த வழி கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது.

மோதும்போது காற்றுப்பை விரிய வேண்டுமானால், கார் மோதுகிறது என்று எதுவாவது உணர வேண்டும். முதலில் காந்தம் பிடித்துவைத்த உலோகக் குண்டு போன்ற எந்திர அமைப்புகள் அந்த வேலையைச் செய்தன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனம் அதை ஒரு சிலிக்கான் சில்லுக்குள் அடக்கி விற்றது. சிலிக்கானையே செதுக்கிச் செய்த நுண்ணிய துண்டு, அதே சிலிக்கானில் செய்த வில்களில் தொங்கும். அதன் பக்கவாட்டில் சீப்புப் பற்கள். துண்டு அசைந்தால் பற்களுக்கிடையே உள்ள இடைவெளி மாறும், அதை மின்சுற்று படிக்கும். மாரேயின் ஈயத்துண்டு மறுபிறவி எடுத்தது இங்கேதான். அந்த முதல் சில்லு புவியீர்ப்பைப் போல 50 மடங்கு முடுக்கத்தை அளப்பதற்கென்று செய்தது. ஒரு பாட்டி நாற்காலியிலிருந்து எழும்போது உண்டாகும் மாற்றம் புவியீர்ப்பில் பத்தில் சில பங்குதான். மோதலைக் கேட்கச் செய்த காது, முணுமுணுப்பைக் கேட்கப் பழக வேண்டியிருந்தது.

சுழற்சியை அளக்கும் சென்சாருக்கும் ஒரு கார் கதை உண்டு. 1997இல் ஸ்வீடன் நாட்டுக் கார் இதழ் ஒன்று, சாலையில் திடீரென்று காட்டுமான் குறுக்கே வந்தால் எப்படி வளைப்போமோ அப்படி வளைத்து, புதிய மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரைச் சோதித்தது. கார் கவிழ்ந்தது. அதன்பிறகு அந்த மாடல் முழுவதிலும், போகப் போக மற்ற கார்களிலும், கார் கட்டுப்பாடிழந்து சுழலுகிறதா என்று கண்டு தானே பிரேக் பிடிக்கும் அமைப்பு பொருத்தப்பட்டது. அதற்குச் சுழற்சி உணரிகள் லட்சக்கணக்கில் தேவைப்பட்டன, விலை சரிந்தது. சாயும் காரைக் காப்பாற்றப் பெருகிய கருவி, சாயும் மனிதரைக் கவனிக்கவும் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

இந்த இரவலை முதியோர் பக்கம் திருப்பியவர்களில் முன்வரிசையில் நிற்பவர்கள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தின் காமியார் அமினியானும் பிஜன் நஜஃபியும். 2000களின் தொடக்கத்தில் முதியவர்களின் மார்பில் ஒரே ஒரு சென்சாரைக் கட்டி, அவர் உட்கார்கிறாரா, நிற்கிறாரா, படுக்கிறாரா, நடக்கிறாரா என்று பிரித்தறிந்தார்கள். விழும் ஆபத்து உள்ளவர் உட்கார்ந்த நிலையிலிருந்து எழ எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பதையும் அதிலிருந்தே படித்தார்கள். கேமரா கிடையாது, ஆய்வுக்கூடம் கிடையாது. நூறாண்டுக்குப் பிறகு கருவி மறுபடி உடம்புக்குத் திரும்பியது.

எழுந்திருப்பது என்ற ஒரே செயலைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பலமுள்ளவர் எழும்போது மார்பு முன்னால் சாய்ந்து, ஒரே வீச்சில் மேலே வரும். சென்சாரின் கோடு ஒரு குன்றுபோல ஏறி இறங்கும். தொடைத்தசை தளர்ந்தவர் முதலில் விளிம்புக்கு நகர்வார், அங்கே சின்ன நடுக்கம். முன்னால் சாய்வார், போதாமல் பின்னால் விழுவார், கோட்டில் ஒரு குறைப்பிரசவக் குன்று. கைப்பிடியை ஊன்றி மறுபடி முயல்வார். எழுந்த பின்னும் உடம்பு இருபக்கமும் ஆடி நிலைக்கச் சில வினாடி எடுக்கும். மூன்று வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் அந்தக் குறைக்குன்றுகள் மறையத் தொடங்கும். அவருக்கே தெரியாத முன்னேற்றம் கோட்டில் தெரியும். “ஒண்ணும் மாறலையே தம்பி” என்று அலுத்துக்கொள்பவரிடம் அதைக் காட்ட முடிவது சின்ன விஷயமில்லை.

கருவிக்குள் ஒரு சிக்கல் உண்டு. சுழற்சி உணரி ஒவ்வொரு நொடியும் துளி பிழை செய்யும், பிழை பிழையோடு கூடிக்கொண்டே போகும். சில நிமிடத்தில், அசையாமல் கிடக்கும் கால் சாய்ந்துவிட்டதாகச் சொல்லத் தொடங்கிவிடும். இதற்குக் கண்ட தீர்வுகளில் ஒன்று அழகானது. நடக்கும்போது ஒவ்வொரு பாதமும் ஒரு கணம் தரையில் அசையாமல் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் வேகம் சுழியம் என்று நிச்சயமாகத் தெரியும். அதை வைத்துக் கணக்கை ஒவ்வொரு காலடியிலும் நேராக்கிவிடலாம். பாதம் ஓய்வெடுக்கும் அந்த அரைநொடிதான் கருவியை நேர்வழியில் வைக்கிறது.

2006இல் நின்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ விளையாட்டுக் கருவி வந்தது. கையில் பிடிக்கும் கோலுக்குள் முடுக்கத்தை அளக்கும் சென்சார். மறு ஆண்டு, ஏறி நின்றால் உடல் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் பலகையும் வந்தது. விளையாட்டுக்காகச் செய்த பொருளை முதியோர் இல்லங்கள் வாங்கிப்போயின. கிழவர்கள் டிவி முன்னால் நின்று பந்து உருட்டினார்கள். ஆய்வுக்கூடங்களில் பெருந்தொகைக்கு வாங்கும் சமநிலைத் தளத்துக்கு அந்த மலிவுப் பலகை ஓரளவு ஈடுகொடுக்கிறது என்று 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஆண்டுகளில் கைப்பேசிக்குள்ளும் அதே சென்சார்கள் குடியேறின. மறுபடியும் இரவல்தான். ஆனால் இந்த இரவல் எல்லார் சட்டைப்பையிலும் இருந்தது.

இந்த வரலாற்றில் வேலூருக்கும் ஓர் இடம் உண்டு. 1946இல் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் உணர்விழந்த பாதங்கள் புண்ணாவது நோய் அரிப்பதால் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றி நடப்பதால்தான் என்று கண்டவர். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போனபோது அவர் குழு ஒரு காலுறையைச் சோதித்தது. அதற்குள் சாயம் நிரப்பிய நுண்குமிழிகள். அழுத்தம் மிகுந்த இடத்தில் குமிழி உடைந்து கறை படியும். நடந்துவிட்டுக் கழற்றினால் பாதத்தில் எங்கே ஆபத்து என்று தெரிந்துவிடும். வலி சொல்லாததைத் துணி சொன்னது. நோயாளிக்கென்றே, நோயாளியின் பாதத்துக்கென்றே செய்த அணிகருவி அது. மின்சாரம்கூடத் தேவைப்படாதது.

வேலூரில் பிராண்டின் மாணவியாக இருந்த மேரி வர்கீஸ் 1954இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். மறுவாழ்வு மருத்துவம் படிக்க நியூயார்க் போய்த் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் திறந்தது. அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகவில்லை. பக்கவாதத்துக்குப் பின் கைக்குப் பயிற்சி தரும் ‘புளூட்டோ’ என்ற சிறு ரோபோவை அதே கல்லூரியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து உருவாக்கியிருக்கின்றன.

இப்போது கடைத்தெருவில் என்ன இருக்கிறது? போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் 2015இல் தொடங்கிய சுவோர்ட் ஹெல்த் போன்ற நிறுவனங்கள், தொடையிலும் கீழ்க்காலிலும் மார்பிலும் சென்சார் கட்டி, திரையில் பயிற்சி சொல்லித்தருகின்றன. முட்டியை எத்தனை பாகை மடக்கினார் என்று அந்தக் கணமே காட்டுகின்றன. பயிற்சி முடிந்ததும் கணக்கு பிசியோதெரபிஸ்டுக்குப் போகிறது. 2018இல் ஸ்மார்ட் கைக்கடிகாரம், அணிந்தவர் விழுந்ததைக் கண்டு உதவிக்கு அழைக்கத் தொடங்கியது. கொரோனாக் காலத்தில் மருத்துவமனைக்குப் போக முடியாதபோது, வீட்டுப் பயிற்சி வேறு வழியில்லாத வழியானது. 2022 முதல் அமெரிக்காவின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், வீட்டுப் பயிற்சியைத் தொலைவிலிருந்து கண்காணிப்பதற்குத் தனிக் கட்டணம் தருகிறது.

இத்தனைக்கும் பிறகு இரவல் உடையின் தையல் இன்னும் உறுத்துகிறது. கைக்கடிகாரம் காலடியை எண்ணுவது பெரும்பாலும் கைவீச்சைப் பார்த்து. வாக்கரை இரு கையாலும் பிடித்து நடப்பவரின் கை வீசாது. கால்மணி நேரம் அவர் மூச்சுவாங்க நடந்தாலும் கடிகாரம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிடும். மிக மெதுவாக, காலைத் தேய்த்து நடப்பவரின் அடிகளைப் பல கருவிகள் தவறவிடுகின்றன. ஏனென்றால் அவை பழகிய கால்கள் வேறு. விழும் ஆபத்து யாருக்கு மிகுதியோ அவர் விஷயத்தில்தான் பிழையும் மிகுதி. சென்சாரைக் கணுக்காலுக்கு இறக்கினால் இந்தக் குறை பெருமளவு சரியாகிறது. இருந்தும் மணிக்கட்டில்தான் விற்கிறார்கள், கடிகாரம் அங்கேதான் இருப்பதால்.

நம் வீடுகளுக்கு வந்தால் இன்னும் சில. காலணிக்குள் வைக்கும் சென்சார் என்றால், செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரும் வீட்டில் அது நாள் முழுக்க வாசலிலேயே கிடக்கும். இடுப்பு பெல்ட்டில் மாட்டும் கருவியை வேட்டியிலும் சேலையிலும் எங்கே மாட்டுவது? நாற்காலியிலிருந்து எழுவதைப் படிக்கத் தெரிந்த மென்பொருளுக்குத் தரையில் சம்மணமிட்டவர் கையூன்றி, ஒரு முட்டியை மடக்கி, சுவரைப் பிடித்து எழுவது என்னவென்று தெரியாது. முட்டி மாற்றிக்கொண்ட நம் பெரியவர்களின் முதல் கேள்வியோ “இனிமே கீழ உட்கார முடியுமா டாக்டர்?” என்பதுதான்.

இந்தக் குறைகள் எவையும் தீராதவை அல்ல. ஒட்டாகோக்காரர்கள் செய்தது போல, யாருக்காகச் செய்கிறோமோ அவர் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் போதும். ஆகவே வீட்டுப் பெரியவருக்கு இப்படியொரு கருவி வாங்க நினைக்கிறவர்கள் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள். வாக்கர் பிடித்து நடப்பவரை வைத்து இதைச் சோதித்தீர்களா? வெறுங்காலில் நடப்பவரை? தரையிலிருந்து எழுபவரை? மூன்றுக்கும் இல்லை என்றால் அந்தப் பணத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டை நான்கு முறை வீட்டுக்கு வரவழையுங்கள். டனீடினில் அந்தக் கிழவிகளுக்குக் கிடைத்தது அதுதான்.